அருகமைப் பள்ளியில் ஓர் அயலூர்க் குழந்தை

வேலைநிமித்தம் வெளிநாட்டில் குடியேறும் தமிழ்க் குடும்பம், குழந்தைக்கு ஐந்து வயது நிறையும்வரை பெரிய முடிவு எதையும் எடுக்காமல் காலத்தைக் கடத்திவிடலாம். வீட்டுக்குள் ஓர் ஊர், வாசலுக்கு வெளியே இன்னோர் ஊர் என்று இரண்டையும் பிரித்துவைத்துக்கொண்டு வாழலாம். பள்ளி வயது வந்ததும் அந்த வாசற்படி கரைந்துபோகிறது. குழந்தை எந்த மொழியில் எண்ணப் போகிறது, நண்பகலில் என்ன உண்ணப் போகிறது, யாரோடு சண்டையிட்டு யாரோடு கூடப் போகிறது, பின்னாளில் எந்த ஊர் அதற்கு அந்நியமாகப் போகிறது என்பவை யாவும் ஒற்றை விண்ணப்பப் படிவத்தில் அடங்கிவிடுகின்றன.

நாங்கள் 2022 அக்டோபரில் தோக்கியோ நகரின் கிழக்கோரத்து எதோகாவா வட்டத்தில் குடியேறினோம். மகளுக்கு ஆறு வயது நிறைய அப்போது இரண்டு மாதம் இருந்தது. இந்த வட்டத்தைச் சேர்ந்த நிஷிகசாய் பகுதி, 2000ஆம் ஆண்டை ஒட்டிக் கணினித் துறைப் பணிக்காக வந்த இந்தியர்கள் செறிந்து வாழும் இடம். துவரம்பருப்பும் புளியும் நடந்துபோய் வாங்கிவரும் தொலைவில் கிடைக்கும். இங்கு வாழும் இந்தியக் குழந்தைகளை எண்ணி, 2004இலும் 2006இலும் இந்தியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இரண்டு ஆங்கிலவழிப் பள்ளிகள் இந்நகரில் தொடங்கப்பட்டன. எங்களுக்குத் தெரிந்த இந்தியக் குடும்பங்களில் பெரும்பாலானவை அவற்றையே நாடின. ‘எப்படியும் திரும்பிப் போகப் போகிறோம்; பிள்ளை அங்கே போய் இடறி விழக் கூடாது’ என்பது அவர்களின் வாதம். அதில் பிழை காண இடமில்லை.

எனினும் எங்கள் குடியிருப்பிலிருந்து ஐந்து நிமிட நடையில் வட்ட நிர்வாகம் நடத்தும் தொடக்கப்பள்ளி இருந்தது. மாலையில் கீழே பூங்காவில் விளையாடும் பிள்ளைகள் அனைவரும் அந்தப் பள்ளிக்கே போனார்கள். எங்கள் மகள் ஊஞ்சலுக்கு அருகே நின்று அவர்கள் பேசுவதை வாய்பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு முதலில் தேவைப்பட்டது பாடத்திட்டமன்று, கூட்டாளிகள் என்று எங்களுக்குத் தோன்றியது. அந்த ஒரு காரணத்துக்காகவே உள்ளூர்ப் பள்ளி என்று முடிவுசெய்தோம். மற்றக் காரணங்கள் எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டவை.

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. தொடக்கப்பள்ளி ஆறாண்டு, நடுநிலைப்பள்ளி மூன்றாண்டு ஆக ஒன்பதாண்டுகள் கட்டாயக் கல்வி. ஆனால் அந்நாட்டு அரசமைப்பின் 26ஆம் கூறு, பிள்ளையைப் படிக்கவைக்கும் கடமையைத் தன் குடிமக்கள்மீதே சுமத்துகிறது. அயல்நாட்டாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விரும்பி விண்ணப்பித்தால் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்வார்கள், பாடநூல்களும் இலவசம். வட்ட அலுவலகத்தில் எங்கள் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்ட அலுவலர், ‘உங்களுக்கு இது கடமையில்லை, தெரியுமல்லவா?’ என்று மிகப் பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவு எங்களைச் சற்றே உறுத்தியது. கடமையில்லாத இடத்தில் உரிமையும் முழுமையாக இராது. 2019இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் முதன்முறையாக நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ 20,000 அயல்நாட்டுக் குழந்தைகள் பள்ளிக்குச் செல்லாமல் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது. கதவு திறந்திருந்தாலும், உள்ளே வராதவர்களைத் தேடிப்போகும் பொறுப்பு எவருக்கும் இருக்கவில்லை என்பதே அதன் பொருள்.

அந்த அலுவலகத்தில் இன்னொரு சிக்கலும் எழுந்தது. படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். தமிழர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? கடவுச்சீட்டின்படி எங்களில் ஒருவருக்கு அவர் தந்தையின் பெயர். மற்றவருக்குக் கணவரின் பெயர். மகளுக்கு அவள் தந்தையின் பெயர். மாமனார் பெயர் ஒரு தலைமுறையோடு நின்றுவிட்டது. அலுவலர் மூன்று அட்டைகளையும் வரிசையாக அடுக்கிவைத்து, ‘நீங்கள் ஒரே குடும்பந்தானே?’ என்று மீண்டும் ஒருமுறை உறுதிசெய்துகொண்டார். தலைப்பெழுத்தோடு நின்றுவிடும் நம் வழக்கத்தை அவருக்கு விளங்கவைக்க எங்களிடம் இருந்த மொழி போதவில்லை. விளைவு, வகுப்பில் எங்கள் மகளை அவள் தந்தையின் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதை விகுதி சேர்த்து அழைக்கலானார்கள். ‘பள்ளிக்கூடத்தில் நான் அப்பா, வீட்டுக்கு வந்தால்தான் நான்’ என்று அவள் ஒருநாள் சொன்னாள். அவள் வருத்தப்படவில்லை. அது அவளுக்கு ஒரு விளையாட்டாகத்தான் இருந்தது.

பள்ளி தொடங்குமுன் வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியல் வந்தது. ‘ரான்தொசேரு’ என்னும் முதுகுப்பை அதில் முதன்மையானது. டச்சுச் சொல்லொன்றிலிருந்து வந்த பெயர். பெட்டியைப்போல விறைத்து நிற்கும் அந்தப் பையை ஒருமுறை வாங்கினால் ஆறாண்டுகள் அதையே சுமக்கவேண்டும். வகுப்பறைக்குள் மட்டும் அணியும் வெள்ளைக் காலணி, தரை துடைக்கும் துணி, நிலநடுக்கம் வந்தால் தலையைக் காத்துக்கொள்ளும் பஞ்சுத் தொப்பி ஆகியவையும் இருந்தன. அந்தத் தொப்பி மற்ற நாள்களில் நாற்காலியில் மெத்தையாகக் கிடக்கும். கணக்குப் பாடத்துக்கென்று ஒரு பெட்டி உண்டு. அதிலுள்ள எண்ணுகுச்சிகள், பூவடிவ வில்லைகள், அட்டைகள் ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயரை ஒட்டவேண்டும். குச்சி ஒவ்வொன்றிலும்! இரண்டு இரவுகள் நாங்கள் உட்கார்ந்து நகக்கண் அளவுள்ள தாள்களில் ஹிராகனா எழுத்தில் மகள் பெயரை எழுதி ஒட்டினோம். முடிவில், எங்களுக்குப் பிழையின்றி எழுதத் தெரிந்த முதல் ஜப்பானியச் சொல்லாக அவள் பெயர் ஆயிற்று.

பெயரின் ஒலிதான் பிழைபட்டது. அம்மொழியில் லகரமும் ரகரமும் ஒன்றே. ழகரத்துக்கோ இடமே இல்லை. ‘தமிழ்’ என்ற சொல்லே அங்கே ‘தமிரு’ என்றுதான் எழுதப்படும். எங்களில் ஒருவருக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பது தொழில். ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களிடம் ழகரத்துக்காக மன்றாடியவர், தன் மொழியின் பெயரை ‘தமிரு’ என்று தம் கையாலேயே எழுதி நிரப்ப வேண்டியிருந்தது.

ஆனால் அதே எழுத்துமுறை எங்களுக்கு ஒரு வியப்பையும் வைத்திருந்தது. ஹிராகனா அட்டவணையைச் சுவரில் ஒட்டியபோது, மகள் விரல்வைத்துப் படித்தாள்: அ, இ, உ, எ, ஒ. அடுத்த வரிசைகளின் தலைப்பெழுத்துகள் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ஹகரம் பழைய ஜப்பானியத்தில் பகரமாக ஒலித்தது என்பர். அதைத் திருப்பி வைத்துப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நம் நெடுங்கணக்கிலிருந்து சில எழுத்துகளை மட்டும் உருவிவிட்டாற்போல் அதே ஒழுங்கு! சமஸ்கிருத ஒலியியலைப் பயின்ற பௌத்தத் துறவியர் வழியாக இவ்வரிசை அந்நாட்டை அடைந்தது என்பது அறிஞர் கருத்து. தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்று சுசுமு ஓனோ (1919–2008) பல்லாண்டுகள் வாதிட்டதும், அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ், பொன். கோதண்டராமன் முதலியோர் அவரோடு இணைந்து பணியாற்றியதும் இலக்கிய வாசகர்கள் அறிந்தவையே. மொழியியலாளர் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை. நாங்களும் அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி உடையவர்கள் அல்லர். ஆனால் அ, ஆ, இ, ஈ தெரிந்த ஒரு குழந்தைக்கு அந்த அட்டவணை முற்றிலும் அந்நியமாகத் தெரியவில்லை என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

முதல் வகுப்பில் ஹிராகனாவும் கதகனாவும் முடிந்த பிறகு சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்துகள். அவற்றின் பெயர் ‘கஞ்சி’. முதல் வகுப்பில் 80, இரண்டாம் வகுப்பில் 160, மூன்றாம் வகுப்பில் 200 என்று ஏறி, ஆறாம் வகுப்பு முடிவில் 1,026. திருநெல்வேலியிலிருக்கும் ஆச்சியிடம் தொலைபேசியில் ‘இந்த வருசம் எண்பது கஞ்சி’ என்று மகள் பெருமையாகச் சொன்னாள். ‘ஏன், அங்க சோறு போட மாட்டாங்களா?’ என்று ஆச்சி பதறிக் கேட்டார். நாங்கள் விளக்கிச் சொன்ன பிறகும் அவருக்கு அந்தச் சொல் பிடிக்கவேயில்லை.

சோற்றுக்கும் ஒரு கதை உண்டு. அங்கே பள்ளி மதிய உணவுக்கு 1954 முதல் தனிச்சட்டம் உள்ளது. வீட்டிலிருந்து சோற்றுப் பாத்திரம் கொண்டுபோவது வழக்கமில்லை. வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்த பிள்ளைகள் முறைவைத்துக்கொண்டு சக பிள்ளைகளுக்குப் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதே உணவை, அதே அறையில், அதே நேரத்தில் உண்கிறார். எங்கள் குடும்பம் மரக்கறி உண்பது. மாதத் தொடக்கத்தில் வரும் உணவுப் பட்டியலை மொழிபெயர்த்துப் பார்த்தால், காய்கறிச் சாற்றில்கூட உலர்மீனின் சாரம் இருக்கும். பள்ளியில் பேசினோம். ஒவ்வாமை என்றால் அவர்களுக்குப் புரிந்தது. வழக்கம் என்றால் புரியச் சற்று நேரமாயிற்று. முடிவில் தேவையான நாள்களில் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொடுத்தனுப்ப இசைந்தார்கள். ஒரு பருவம் அப்படியே கழிந்தது.

பிறகு ஒருநாள் மகள் சொன்னாள்: ‘எல்லாரும் வரிசையில் நிப்பாங்க. நான் மட்டும் உக்காந்திருப்பேன்.’ வேறெதுவும் அவள் சொல்லவில்லை, அழவும் இல்லை. நாங்கள் இரவு வெகுநேரம் பேசினோம். இறைச்சியும் மீனும் தவிர்த்து, சாற்றையும் சோற்றையும் பாலையும் அவள் எல்லோரோடும் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளட்டும் என்று தீர்மானித்தோம். ஊரில் இதை யாரிடம் சொல்லாவிட்டாலும் ஆச்சியிடம் சொல்லியாகவேண்டும். நாள்தோறும் பூசை முடிக்காமல் பச்சைத் தண்ணீர் பருகாதவர் அவர். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘பிள்ள பந்தியில தனியா உக்காரப்பிடாது. அதுதான் பாவம்’ என்றார். நாங்கள் எதிர்பார்த்திருந்த எல்லா விடைகளையும் விடப் பெரிதாக இருந்தது அது.

பந்தியைப் பற்றி நம்மைவிட அறிந்தவர் யார்? 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி, காமராசர் காலத்து மதிய உணவு, 1982இன் சத்துணவு, 2022இன் காலை உணவு என்று பசியைப் பள்ளிக்கு வெளியே நிறுத்த நூறாண்டு பாடுபட்ட மாநிலம் நம்முடையது. இருந்தும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அந்த உணவு, தெருவிலுள்ள எல்லோர் பிள்ளைகளுக்கும். இங்கே அது ‘அந்தப் பிள்ளைகளுக்கு’ என்றாகிவிட்டது. சமைத்தவரின் சாதியைச் சொல்லித் தம் பிள்ளையை உண்ணவிடாது தடுக்கும் பெற்றோரைப் பற்றிய செய்திகளும் நம் செய்தித்தாள்களில் வராமல் இல்லை.

உணவு முடிந்ததும் பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்கித் துடைக்கிறார்கள். தாழ்வாரம், படிக்கட்டு, மேல்வகுப்புகளில் கழிப்பறை உட்பட. முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பு அண்ணன் அக்காள்கள் வந்து துணியைப் பிழியக் கற்றுக்கொடுக்கிறார்கள். மகளுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டிலும் துணியை விரித்து அதன்மேல் கைகளை ஊன்றி, தவளைபோல் ஓடித் தரையைத் துடைத்தாள். ‘ஊரில் எங்கள் பள்ளியிலும் நாங்களே துடைப்போமா?’ என்று கேட்டாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகள் கழிப்பறையைக் கழுவவைக்கப்பட்டார்கள் என்ற செய்தி வந்தால் ஊரே கொதிக்கிறது, கொதிக்கத்தான் வேண்டும். ஏனெனில் அங்கே எல்லாப் பிள்ளைகளையும் அழைப்பதில்லை. எந்தப் பிள்ளையின் கையில் துடைப்பத்தைக் கொடுப்பது என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்மானித்துவைத்திருக்கிறது. ஒரே துடைப்பம், ஓர் ஊரில் பாடமாகவும் இன்னோர் ஊரில் இழிவாகவும் ஆகிவிடுகிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு இதை எந்தச் சொற்களால் சொல்வது? ‘அங்கே வேறு மாதிரி’ என்று சொல்லி அப்போதைக்கு நிறுத்திக்கொண்டோம்.

அந்நாட்டுப் பள்ளி சொர்க்கம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். எல்லோரும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்ற அழுத்தம் அங்கே காற்றைப்போல் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருக்கிறது. பிள்ளைகளுக்குள் நடக்கும் கொடுமைகளைத் தடுக்க 2013இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. எங்கள் மகளின் காதணி முதல் வாரமே பேச்சுப்பொருளாயிற்று. அணிகலன் கூடாது என்பது விதி. ஒரு வயதில் மாமன் மடியில் அமர்த்திக் காது குத்தியதன் பொருளை நாங்கள் எழுதிக் கொடுத்தோம். சிறிய தோடு மட்டும் அணியலாம், உடற்பயிற்சி வேளையில் மேலே ஒட்டுப்பட்டை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். நாங்கள் வென்றுவிட்டோம் என்றே நினைத்தோம். இரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் அவளே தோட்டைக் கழற்றி எங்களிடம் தந்தாள். ‘கேட்டுக்கிட்டே இருக்காங்க’ என்றாள். விதியோடு வாதிடலாம், எட்டுத் திசையிலிருந்தும் வரும் வியப்புப் பார்வையோடு ஒரு குழந்தை எத்தனை நாள் வாதிடும்?

மற்றபடி அவள் அந்தப் பள்ளியில் வேரூன்றிவிட்டாள். மஞ்சள் தொப்பியும், பையின்மேல் மஞ்சள் உறையும் முதல் வகுப்பின் அடையாளங்கள். பெற்றோர் கொண்டுவிடுவதில்லை. பிள்ளைகள் தாமாகவே நடந்துபோகிறார்கள். பைப் பட்டையில் ஆபத்துக்கு இழுக்கும் ஒலிப்பான் தொங்கும். காலையில் வாசலைத் தாண்டும்போது அவர்கள் சொல்லும் சொல் ‘இத்தே கிமாசு’. சொல்லுக்குச் சொல் நம் ‘போய் வருகிறேன்’ என்பதேதான். வீட்டிலிருப்போர் சொல்லும் விடைக்கும் ‘போய் வா’ என்பதே பொருள். ‘போகிறேன்’ என்று சொல்லக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வார்களே, அந்த அச்சம் இத்தனை கடல் தாண்டியும் இருக்கிறது.

மொழியைப் பற்றிய எங்கள் அச்சம் மெல்ல மெல்லத்தான் உருக்கொண்டது. முதலாண்டில் அவள் தமிழ் வாக்கியங்களுக்குள் ஜப்பானியப் பெயர்ச்சொற்கள் வந்தமர்ந்தன. ‘நாளைக்கு என்சொக்கு இருக்கு’ என்பாள், சுற்றுலாவைச் சொல்கிறாள். ‘ரென்ராக்குச்சோல சென்செய் எழுதியிருக்காங்க’ என்பாள். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இடையே நாள்தோறும் போய்வரும் குறிப்பேட்டைச் சொல்கிறாள். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை இரு மொழிகளிலும் ஒன்றாதலால் சொற்கள் இடறலின்றிப் பொருந்தின. பெயர் அயலதாயினும் அதன் பின்னால் ஒட்டிய ‘-ல’வும் ‘-க்கு’வும் தமிழாகவே இருந்தன. எட்டு வேற்றுமைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கற்பித்த கைக்கு அது பெரிய ஆறுதல். பெயர் போனால் போகட்டும், உருபு நிற்கிறதே என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். மொழியின் எலும்பு உருபில்தான் இருக்கிறது என்றும் துணிந்து சொன்னோம்.

இரண்டாம் வகுப்பின் இறுதியில் வினைச்சொற்களும் போகத் தொடங்கின. ‘சாப்பிட்டாச்சா?’ என்றால் ‘தபெத்தா’ என்று விடை வந்தது. நாங்கள் தமிழில் கேட்பதும் அவள் ஜப்பானியத்தில் விடையளிப்பதுமாக மாலைகள் கழிந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆச்சியோடு பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றாள். வானத்தில் தான் பார்த்த எதையோ சொல்ல முயன்று, சொல் கிடைக்காமல், கையை வளைத்து வளைத்துக் காட்டினாள். அது தொலைபேசி, ஆச்சிக்குக் கை தெரியாது. ‘சொல்லு ராசாத்தி, சொல்லு’ என்று அந்தப் பக்கம் குரல் வந்துகொண்டேயிருந்தது. அவள் தொலைபேசியை எங்களிடம் நீட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் பார்த்தது வானவில். அந்தச் சொல் அவளுக்கு நான்கு வயதில் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிறுக்குப் பிறகு எங்கள் விவாதம் வேறு வடிவம் கொண்டது. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆனால் அங்கேயும் தமிழ் காத்திருக்கவில்லை, ஆங்கிலமே காத்திருந்தது. இரண்டாம் மொழியின் இடத்தை மூன்றாவது மொழிக்குக் கொடுப்பதால் முதல் மொழிக்கு என்ன ஆதாயம்? கனடாவின் மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். விளையாட்டிடத்தில் பேசும் மொழி வேறு, பாடத்தை எண்ணி எழுதும் மொழி வேறு. முன்னது ஓரிரு ஆண்டில் வாய்க்கும், பின்னதற்கு ஐந்தாண்டுக்கு மேலும் ஆகலாம் என்றார். மகள் பூங்காவில் பிறர்க்கு நிகராகச் சண்டையிட்டாள். ஆனால் மூன்றாம் வகுப்பில் அறிவியலும் சமூகவியலும் தனிப் பாடங்களாகத் தொடங்கியதும் அவள் வாக்கியங்கள் நடுங்கின. பள்ளியில் அயல்மொழிப் பிள்ளைகளுக்கென்று நடக்கும் தனி வகுப்பு அப்போது பெரிதும் உதவியது. இப்போது அவளை இடம் மாற்றினால் பாதி கட்டிய இரண்டு வீடுகளுக்கு நடுவில் நிறுத்தியதாகும். ஆகவே பள்ளியை மாற்றவில்லை, வீட்டைத்தான் மாற்றினோம்.

இரவு உணவுக்குப் பிறகு அரைமணி நேரம் தமிழுக்கு என்று ஒதுக்கினோம். 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தொடக்கநிலைப் பாடங்கள் கைகொடுத்தன. ஆயினும் பாடத்தைவிட வேறொன்றே பயன்பட்டது. அங்கே இரண்டாம் வகுப்பில் ஒன்பதாம் வாய்ப்பாடு வரை பாட்டாக ஒப்பிக்கச் செய்கிறார்கள். ‘நினின் கா ஷி’ என்றால் ‘ஈரிரண்டு நாலு’. அதை அவள் ஆச்சிக்குப் பாடிக்காட்டினாள். ஆச்சி தம் பங்குக்குத் தாம் அரிச்சுவடிக் காலத்தில் மனனம் செய்த வாய்ப்பாட்டைப் பாடினார். பதினாறாம் வாய்ப்பாடு வரை போயிற்று. பிறகு ஞாயிறுதோறும் அது போட்டியாயிற்று. ஆச்சியை வெல்வதற்காக அவள் தமிழ் எண்களைத் தேடிப் படித்தாள். வினைச்சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிவருகின்றன. எல்லாம் வந்துவிட்டன என்று சொல்வதற்கில்லை.

பள்ளிப் பெற்றோருக்கெல்லாம் ஒரு கடமை உண்டு. காலையில் முறைவைத்துத் தெருமுனையில் மஞ்சள் கொடியோடு நின்று, பிள்ளைகள் சாலையைக் கடக்கும்வரை வண்டிகளை நிறுத்தவேண்டும். எங்கள் முறையும் வந்தது. சட்டம் எங்களுக்குக் கடமையில்லை என்றது. தெரு இருக்கிறது என்றது. அன்று எங்களோடு நின்ற பெண்மணி, பேச்சுவாக்கில் கேட்டார்: ‘உங்கள் ஊரில் உங்கள் தெருவுக்கு எந்தப் பள்ளி?’

இயல்பான கேள்வி. அந்நாட்டில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 98 பேருக்குமேல் பொதுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். எந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்பது வரையறுக்கப்பட்டது. எங்கள் ஊர்த் தெருவை நினைத்துப் பார்த்தோம். பதினொரு பிள்ளைகள், ஏழு பள்ளிகள், காலை ஏழரைக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரும் வேன்கள். தெருக்கோடியில் வேப்பமர நிழலில் ஒரு மாநகராட்சித் தொடக்கப்பள்ளி இருக்கிறது. அந்தப் பதினொருவரில் ஒருவரும் அங்கே போவதில்லை. கோத்தாரி கல்விக்குழு (1964–66) அருகமைப் பள்ளிகளைக் கொண்ட பொதுப் பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக்கொள்கை பொதுப் பள்ளி முறையை ஏற்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கவேண்டும் என்கிறது. மேடைகளில் தாய்மொழிவழிக் கல்வியைப் பேசாத தமிழாசிரியர் இல்லை. ஆனாலும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தத் தெருமுனையில், அந்த எளிய கேள்விக்கு எங்களால் ஒரே பள்ளியின் பெயரைச் சொல்ல முடியவில்லை. பிறர் தாய்மொழியில், பிறர் தெருப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க ஐந்து நிமிட நடை போதுமானதாக இருந்தது. நம் தாய்மொழியில், நம் தெருப் பள்ளியில் சேர்க்க எத்தனை தொலைவு நடக்கவேண்டியிருக்கிறது!

விடுப்பு முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதன்பின் திரும்பியாகவேண்டும். எங்கள் வேண்டுகோளின்படி மகளின் சித்தப்பா அந்தத் தெருக்கோடிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ‘பிள்ளைங்க கொஞ்சந்தான் இருக்காங்க. டீச்சர் நல்லாச் சொல்லிக்கொடுக்காங்க. சுவர்ல எல்லாம் படம் வரைஞ்சு வச்சிருக்காங்க. ஆனா யோசிச்சுச் செய்யுங்க அண்ணே’ என்றார். அந்த ‘ஆனா’வின் எடையை நாங்கள் அறிவோம். உறவினர் ஒவ்வொருவரும் அதைத் தம் தம் குரலில் சொல்லப் போகிறார்கள். எங்கள் மனத்துக்குள்ளும் அது ஒலிக்காமல் இல்லை. இருந்தும், இங்கே ஒரு சொல்லும் தெரியாத வகுப்பறைக்குள் ஆறு வயதில் நுழைந்து மீண்ட பிள்ளைக்கு, தன் ஆச்சியின் மொழியில் நடக்கும் வகுப்பறை கடினமாக இராது என்றே எண்ணுகிறோம். சேர்ப்பது என்பதே இப்போதைய முடிவு.

மகளிடம் சொன்னோம். அந்தப் பள்ளி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டாள். ‘நடந்தே போகலாம்’ என்றோம். ‘யாரெல்லாம் என்கூட நடப்பாங்க?’ என்றாள்.